பெங்களூர்ச் செம்பருத்தி

மலர்க் கண்காட்சிக்கு ஜனங்கள் மலர் பார்க்கப் போகிறார்கள் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் தவறான கருத்து. அதைத் திருத்துவது நம் கடமை. சிலர் போட்டோ எடுக்கப் போகிறார்கள். பலர் டெல்லி அப்பளம் தின்னப் போகிறார்கள். டிக்கெட் வாங்கியது வீணாகக் கூடாதென்று கிளை ஒடிக்கப் போகிறவர்களும் உண்டு.

அப்படி ஒருத்தியைத்தான் கடலூர் கண்காட்சியில் மங்கலம் கையும் கிளையுமாகப் பிடித்தாள்.

மங்கலம் சிதம்பரத்துக்காரி. வீட்டுத் தோட்டப் போட்டிக்கு அவள் கொண்டுவந்திருந்தது, மஞ்சளில் சிவப்பு வரி ஓடும் அடுக்குச் செம்பருத்தி. கேட்டவர்களுக்கெல்லாம், "பெங்களூர்லேர்ந்து வரவழைச்சது" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்திருந்தது. முதல் பரிசு அதற்குத்தான் என்று பக்கத்து மேசைக்காரர்களே பேசிக்கொண்டார்கள். நடுவர்கள் வரும் நேரம்.

"தொடாதீர்கள்னு போர்டு வச்சிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"தெரியும்மா. அதான் நீங்க டீ குடிக்கப் போனப்ப ஒடிச்சேன்."

காவலுக்கு நின்ற இளவரசு வந்துவிட்டார். "ஆபீஸ்ல ஒப்படைச்சிடலாமா மேடம்?"

"இருங்க. ஏம்மா, இத்தினி பூ இருக்க, என் செடிதான் கெடச்சுதா?"

"இது ஒண்ணுதாம்மா எனக்குத் தெரிஞ்ச பூவு" என்றாள் அந்தப் பெண், ரத்தினம்மாள். "எம் பொண்ணு வச்சது, எங்க வேலியில இருந்திச்சி. கொள்ளிடத்துத் தண்ணி ஏறி அழுவிப் போச்சி. அவ போன்ல கேக்கறப்பல்லாம் நல்லா பூக்குதுன்னு சொல்லிட்டேன். சித்திரையில பிரசவத்துக்கு வர்றா."

"எந்த ஊரு?"

"குமராட்சி. மினிபஸ் நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல."

மங்கலத்தின் பிடி தளர்ந்தது.

"பச்சை கேட்டு போட்ட வூடா?"

"ஆமா. வந்திருக்கீங்களா?"

"வேலி வரைக்கும்."

ரத்தினம்மாள் செடியைப் பார்த்தாள். பிறகு மங்கலத்தைப் பார்த்தாள்.

இளவரசு இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்ன மேடம் பண்றது?"

"ஒரு கத்திரி இருந்தா குடுங்க" என்றாள் மங்கலம். ரத்தினம்மாள் பக்கம் திரும்பினாள். "ஒத்தக் கிளைய நம்பி எப்படிப் போவீங்க? அது பட்டுப்போனா?"

நடுவர்கள் வந்தபோது தொட்டியில் ஒரு குச்சி நின்றது. முதல் பரிசு பக்கத்து மேசைச் செவ்வந்திக்குப் போயிற்று.