அனல் போகிற பக்கம்

"பொட்டிய இன்னும் பிரிக்கலயாம் அந்தாளு!"

மணியம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

அந்தாள் என்றால் பக்கத்து வீட்டு பாலசுந்தரம். பஸ் டிப்போவில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் வேணு, சித்திரை வெயிலுக்கு அப்பா அம்மா கஷ்டப்படுகிறார்களே என்று திருப்பதிக் கடையிலிருந்து ஒரு ஏசி அனுப்பியிருந்தான். சத்தியவேட்டில் அந்தத் தெருவுக்கு வந்த முதல் ஏசி. வேனிலிருந்து இறக்கியதைத் தெருவே நின்று பார்த்தது.

மறுநாள் ஏணியோடு ஓர் ஆள் வந்தான். சுவரைப் பார்த்தான், பாலசுந்தரத்தோடு ஏதோ பேசினான், ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆச்சு, இருபது நாள்.

"கரண்டு பில்லுக்குப் பயந்துக்கினு மாட்டல," என்றார் மணியம்மாவின் புருஷன் கங்கையா. "பென்ஷன் வருது, புள்ள சம்பாதிக்கறான். இன்னா பண்றது, கை வரலியே!"

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றடிச் சந்துதான். அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

"புள்ள ஆசையா வாங்கிக் குடுத்தத பொட்டியிலயே பூட்டி வெச்சிக்கினு, மனுஷிய இப்பிடிப் புழுங்க விடறியே!" இது பாலசுந்தரத்தின் மனைவி யசோதா.

"பில்லு ஏறினா நீ கட்டுவியா?" என்று அவர் கத்துவார்.

கங்கையா மணியம்மாவைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

கங்கையாவுடையது அரசாங்கத்தில் கட்டிக் கொடுத்த ஒற்றை ரூம் காங்கிரீட் வீடு. உச்சிவெயிலில் ஃபேன் போட்டால் கூரையின் சூடு அப்படியே கீழே இறங்கும். மகள் சந்தியா பிரசவத்துக்கு வந்து, பிறந்த குழந்தையோடு அந்த ரூமில்தான் இருந்தாள். சந்துப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். காற்று வர வேண்டுமென்று தூளியை அதன் பக்கத்தில் கட்டியிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் பாலசுந்தரம் தன் வீட்டு மொட்டைமாடியில் ஏறிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் வெள்ளை. வெயில் பட்டுக் கண் கூசியது.

"ஏசிய கீழ வெச்சிட்டு மேல சுண்ணாம்பு அடிக்கறான் பாரு!" என்று தெருவே சிரித்தது.

அடித்து முடித்தவர், பாதி டிரம் சுண்ணாம்போடு கங்கையா வாசலில் வந்து நின்றார்.

"மீந்துபோச்சு கங்கையா. உங்க மாடிக்கு அடிச்சிக்கோ. சூடு கொறையும்."

அவர் தலை மறைந்ததும் மணியம்மா பொருமினாள். "மிச்சம் மீதியத் தள்ளறதுக்கு நம்ம ஊடுதான் கெடச்சுதா?"

இருந்தாலும் சும்மா வந்ததை விடுவானேன் என்று கங்கையா அடித்துவிட்டார். இரண்டு நாளில் ரூமின் புழுக்கம் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது.

"தடா பக்கம் மழையாம். அதான்," என்றார்.

அந்த வாரக் கடைசியில் மருமகன் ஹரிபாபு வந்தான். தடா பக்கத்துக் கம்பெனியில் அவனுக்கு வேலை பர்மனென்ட் ஆகியிருந்தது. வரும்போதே ஆட்டோவில் ஒரு ஏசி.

"என் கொழந்த எதுக்கு மாமா வேர்வையில கெடக்கணும்?"

கங்கையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "இன்னிக்கே மாட்டிடணும்!" என்றார்.

திருப்பதிக் கடையிலிருந்து சம்பத் என்ற ஃபிட்டர் வந்தான். சந்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"வெளி யூனிட்ட இங்க வெச்சா அனல் முழுக்க எதிர் ஜன்னலுக்குள்ள போவும். உங்க மாடி மேல வெச்சிடலாம். பைப்பு மட்டும் கொஞ்சம் நீளமா வாங்கணும். நாளைக்கு வந்து முடிச்சிடறேன்."

"எதுக்கு நாளைக்கு?" என்றார் கங்கையா. "எங்க செவுரு, எங்க ஏசி. கஞ்சன் ஊட்டுப் பக்கம்தான? ஊதட்டும்."

சம்பத் சுவரில் துளை போட்டான்.

சாயங்காலத்துக்குள் ஏசி ஓடியது. ஜன்னலைச் சாத்தினார்கள். அழுதுகொண்டிருந்த குழந்தை அடங்கித் தூங்கியது. மணியம்மா போர்வை தேடினாள்.

வெளியே சந்தில் அனல் அடித்தது. எதிர் ஜன்னலின் திரை எம்பி எம்பிக் குதித்தது.

பாலசுந்தரம் ஜன்னலுக்கு வந்தார். சூடு முகத்தில் அறைய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளி யூனிட்டைப் பார்த்தார்.

கங்கையா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார். நாலு வார்த்தை கேட்டால் நாற்பது வார்த்தை சொல்லத் தயாராக இருந்தார்.

"கொழந்த தூங்குதா?" என்றார் பாலசுந்தரம்.

கங்கையா இதை எதிர்பார்க்கவில்லை. "ம்... தூங்குது."

"சரி."

ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தியா?" என்று கங்கையா ஃபிட்டர் பக்கம் திரும்பினார். "நம்ம ஊட்டுல ஏசி ஓடறது பொறுக்கல. வயித்தெரிச்சல்!"

சம்பத் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டான்.

"அவுரு ஏசிய மாட்ட வந்தவனும் நான்தாண்ணே. அவுங்க மாடிக்குப் பைப்பு எட்டாது, சந்துலதான் வெக்கணும்னேன். அனல் எந்தப் பக்கம் போவும்னு கேட்டாரு. உங்க ஜன்னலக் காட்டினேன். 'அங்க பச்சக்கொழந்த படுத்திருக்குது, வேணாம் போ'ன்னு என்னத் திருப்பி அனுப்பிச்சிட்டாரு."