டிராக்டர் நோட்டு

கூலிக்காரம்மாவிடம் காசை வாங்கி, "அனுப்பிட்டேன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, கல்லாவில் போட்டுக்கொள்கிறவனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

அதுவும் அவன் கட்டின புருசனாக இருந்தால்?

மூங்கில்துறைப்பட்டு கடைத்தெருவில் தீனதயாளனுக்கு செல்போன் கடை. ரீசார்ஜ் போடுவான், ஊர்க்காரர்களுக்குக் காசு அனுப்பித் தருவான். தேவிப்ரியா கைக்குழந்தையோடு அவனுக்குச் சோறு கொண்டுவந்தபோதுதான் அந்தக் கூத்தைப் பார்த்தாள்.

காசு கொடுத்தது கரும்பு வெட்டும் பெரியம்மாள். அவள் கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே பழைய அஞ்சு ரூபாய் நோட்டு. ஒரு பக்கம் சிங்கத் தூண், மறுபக்கம் டிராக்டர் ஓட்டும் உழவன். உழவனுக்கு நாடு அடித்த நோட்டு, ரெண்டு லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறோம், ஆறாயிரம் முன்பணம் கட்டு என்று போனில் எவனோ சொன்னானாம்.

"எங்க ஏரைப் புடுங்கின டிராக்டரு, நோட்டுலயாவது சோறு போடுதே" என்று சிரித்துக்கொண்டே போனாள். மகள் ஷாலினியை நர்சிங் சேர்க்க வைத்திருந்த கூலிக் காசு அது.

மறுநாள் தேவிப்ரியா சோறு கொண்டுவந்த நேரத்துக்குப் பெரியம்மாள் வந்து நின்றாள். சிரிப்பைக் காணோம்.

"காசே வர்லன்றான். எம்மவ படிப்புக் காசுடா. இன்னா, முழுங்கிட்டியா?"

சர்வர் கோளாறு, நாளைக்குப் போய்விடும் என்றான். மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் போனாள்.

தேவிப்ரியாவுக்கு உடம்பே கூசியது. "இந்தக் காசுலயா எம்புள்ளைக்குப் பால் வாங்கப் போற?"

அவன் கல்லாவைத் திறந்தான். அந்த ஆறாயிரமும் ரப்பர் பேண்டு கூடக் கழற்றாமல் அப்படியே இருந்தது.

போன்ல பேசுறவனுங்க ஏமாத்துக்காரனுங்க என்று பெரியம்மாளிடம் ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தானாம். நீயே என் நோட்டை அமுக்கப் பாக்குற என்று பக்கத்துக் கடைக்குக் கிளம்பினாளாம். அங்கே கேட்டதும் அனுப்பிவிடுவான். அதனால்தான் தானே வாங்கி வைத்தான். காசு வராவிட்டால் அவனுங்க சலித்துப்போய் வேறு ஆளைப் பிடிப்பானுங்க. அப்புறம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"அதுக்குள்ள அந்தக்கா காசைத் திருப்பிக் கேட்டு, வேற கடைக்குப் போயிட்டா?"

"அதான் பயமாக்கீது." குரலைத் தாழ்த்தினான். "நீ அந்தக்கா பக்கம்னு தெரிஞ்சா, வேற கடைக்குப் போவாம இங்கயே காத்துக்கினு இருப்பாங்க. நாளைக்கு வந்தா, அவங்க எதுர்லயே என்னை நாலு வார்த்தை நல்லாத் திட்டு, தேவி."