கல்யாணக் கோட்டு
துறைமுக வாசலுக்கு எதிரேயுள்ள தையல் கடைகளில், கப்பலிலிருந்து இறங்கி வருபவரிடம் ‘முடியாது’ என்று எவரும் சொல்வதில்லை. ஐந்து கடைகளில் சொன்ன ‘சரி’யையும் நம்பாமல் ஏறி இறங்கிய கிரேக்கக் கப்பல் பொறியாளர் கடைசியில் மூஸாவின் மேசைமீது சாம்பல் நிறத் துணியை விரிக்கிறார். மகளின் திருமணத்துக்குக் கோட்டு வேண்டும். கப்பல் நாளைக் காலை புறப்படுகிறது. இந்த மாதம் மூஸாவைத் தேடி வந்திருக்கும் ஒரே வேலை இது. நிலக்கரித் தூசி கலந்த வெயிலில் துணி மங்கலாக மின்னுகிறது. “சரின்னு சொல்லும் காக்கா! உள்துணியத் தைக்காம பசையில ஒட்டிருவோம். பசை விட்டு அது கொப்பளிக்கும்போது அவன் கடல் தாண்டிருப்பாம்லா” என்று மூஸாவிடம் சொல்லிச் சிரிக்கிறான் பக்கத்துக் கடை லிங்கராஜ். மூஸா அளவுநாடாவைத் தோளில் வைத்ததும், கல்யாணப் புகைப்படத்துக்கு நிற்பவரைப்போல் பொறியாளர் நிமிர்கிறார். நாடா மெல்லக் கீழிறங்குகிறது. மூஸா துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தெருவே கேட்கும்படிச் சொல்கிறார்: “ஒரு நாளில் முடியாது சார். இங்கே யாராலும் முடியாது.”