நடுவில் ராதிகா

முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட அமிர்தம் பிசியோதெரபி அறையில் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதுமே, எதிர் பெஞ்சில் கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும் பெரியவர் பூமாலை குரல் கொடுத்துவிடுவார். அவர் வடக்கனந்தலிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்.

"டாக்டரம்மா, அந்தம்மாவ முட்டிய நல்லா மடக்கச் சொல்லுங்க. பலாப்பழத்தத் தலையில வெச்சிக்கினு கல்வராயன் மலையில எனக்கு முன்னால எறங்கனவங்க, இப்ப இன்னா நத்தையாட்டம் ஊர்றாங்க?"

"வாதம் வந்த கைய மொதல்ல தூக்கச் சொல்லும்மா," என்பாள் அமிர்தம். "திருநாவலூர்ல தேர் இழுத்த கைதான அது? இப்ப இந்தக் கயிறுக்கே மூச்சு வாங்குது!"

பிசியோதெரபிஸ்ட் ராதிகாவுக்குச் சிரிப்பு வரும். ஒரே ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. ஆனால் இருவரும் நேருக்கு நேர் பேசியதே இல்லை. எல்லாம் அவள் வழியாகத்தான். இந்த வாயாடலில் காலும் கையும் தேறிவந்ததால் அவளும் தடுக்கவில்லை.

அமிர்தத்துக்குப் பயிற்சி முடிந்த நாள். எப்போதும் வாசலிலேயே அம்மாவை விட்டுவிட்டுப் போகும் மகன் அன்புச்செல்வன், அன்றுதான் உள்ளே வந்தான். எதிர் பெஞ்சைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா! நீ இங்க எப்படி?"

ராதிகா திகைத்துப்போனாள்.

"நான் ஸ்கூல் படிக்கறப்பவே பிரிஞ்சிட்டாங்க மேடம்," என்றான் அவன் மெதுவாக. "என் கல்யாணத்துலகூட ஆளுக்கொரு பக்கமாதான் நின்னாங்க."

பூமாலை கயிற்றை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டரம்மா, அந்தம்மாவ பாத்துப் போவச் சொல்லுங்க."

அமிர்தம் வாக்கரைத் திருப்பி, நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"தனியா கெடந்து இன்னா பண்ணப் போற? எழுந்து வாய்யா, வூட்டுக்குப் போவலாம்."