மஞ்சள் சீட்டு

பூவராகன் வெட்டிய முதல் குழிக்குள் முதலில் விழுந்தது பூவராகன்தான். அளவு சரியா என்று பின்னால் நகர்ந்து அழகு பார்த்ததன் பலன். பி.இ. சிவில் படித்தவனுக்கு வெளிநாட்டில் கிடைத்தது கல்லறைத் தோட்டத்தில் மூன்று வருடத் தொழிற்பயிற்சி. முடித்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். பூவராகன் மனைவியிடம் "மண் வேலை" என்று சொல்லிவைத்திருந்தான், பொய்யில்லையே.

"என்ன தம்பி, உமக்கு அளவு பாக்கிறீரோ?" மேலே நின்று சிரித்தாள் ஜெசிந்தா அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக அங்கே வேலை பார்ப்பவள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் மகள் போனில், "எப்பப்பா எங்களக் கூப்பிட்டுக்குவ?" என்று கேட்டிருந்தாள். குடியேற்ற அலுவலகத்தில் கேட்டால் "பார்க்கலாம்" என்பதோடு சரி.

"நீங்களாவது சொல்லுங்கக்கா. படிச்சு முடிச்சா நிரந்தரமா இருக்க விடுவாங்களா?"

அக்கா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். எதிர் வரிசையில் சில கல்லறைகளில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"இருக்க விடுவினம். நிரந்தரமா எண்டு மட்டும் கேக்காதையும். இங்க படுத்திருக்கிறவைக்கே இருபது வருசம்தான். தவணை முடிஞ்சா சீட்டு ஒட்டுவினம். காசு கட்டிப் புதுப்பிக்காட்டி இடம் வேற ஆளுக்கு." அவன் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "அந்த ரெண்டாவது கல் என்ரை மனுசன். சீட்டு நான்தான் ஒட்டினனான்."