ஆறு மாதச் சோறு

நெனிதா எடை பார்க்கும் கருவியின் மேல் நின்றாள். குனிந்து முள்ளைப் பார்த்த லூர்தெஸ் அக்காவின் முகம் மலர்ந்தது.

"இன்னும் ரெண்டு கிலோ போயிருக்கு. இடுப்பு எங்க இருக்குன்னே தெரியல. ஆளே மாறிட்டே போ."

நெனிதா பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தலை லேசாகச் சுற்றியது. காலையில் சீப்போடு கொத்தாக முடி வந்ததை அவள் சொல்லவில்லை. அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக அக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதமாக அந்த வீட்டுக்குள் அரிசி வரவில்லை. இன்று வந்திருந்தது. அக்காவின் கணவர் ரோக்கேயுடைய முதலாளியம்மா, திருமதி சுய்கோ, முதன்முறையாக மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள். அடுப்படியில் குக்கர் மூடியின் ஓரமாகச் சோற்று மணம் கசிந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றாள் நெனிதா. இதைக் கேட்க ஒரு வாரமாகத் தைரியம் சேர்த்திருந்தாள். "விருந்தாளி சாப்பிட்டு மிஞ்சினா, ஒரே ஒரு கிண்ணம் சோறு நான்..."

"மறுபடி ஆரம்பிக்காதே. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போகணுமா? இந்த வீட்ல ஒரே சட்டிதான். உனக்குத் தனி, எனக்குத் தனின்னு பிரிச்சு வைக்க நீ என்ன யாரோவா? என் சித்தி மக."

பசிக்கிறது என்று சொல்வதற்கே நெனிதாவுக்கு வெட்கமாக இருந்தது. இளைத்துவிட்டாய், அழகாகிவிட்டாய் என்று தெருவே சொல்கிறது. ஊர் மெச்சுகிற ஒன்றை எந்த வாயால் குறை சொல்வது? எப்படியும் மிஞ்சும், அக்கா அந்தப் பக்கம் திரும்பும்போது ஒரு கை அள்ளிக்கொண்டால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திருமதி சுய்கோ மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். அவளும் அக்காவும் உட்கார்ந்ததும் மூன்று பேர் அமரும் புது சோபா நிறைந்துவிட்டது.

"அடுத்த மாசம் எனக்கும் உடம்பு இளைக்கிறதுக்கு வயித்துல ஆபரேஷன். உங்க வீட்ல பண்ணிக்கிட்டதா சர்ச்ல பேசிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிச் செலவு தெரியும். அப்புறம் சாப்பாட்டுச் செலவு எப்படின்னுதான் கேக்க வந்தேன். மீனும் காயுமா வாங்கினா கையைக் கடிக்காது?"

"முதல் மாசம் கடிச்சுது. பவுடரு, வைட்டமினு, நல்ல மீனுன்னு பில்லைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர் என்னையே முறைச்சுக்கிட்டு இருந்தார்." அக்கா சிரித்தாள். "அப்புறம் மூட்டை அரிசி நின்னுச்சு. கூல்டிரிங்ஸ் நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை பன்னிக்கறி நின்னுச்சு. அவரு ஆபீஸ் கேன்டீன்ல சாப்பிட்டுக்கிறார். ஒரு மீனு வாங்கினா வீட்டுக்கே போதுது. பாதிக்குப் பாதி மிச்சம்."

அக்கா சோபாவின் கையைத் தட்டினாள். "நீங்க உட்கார்ந்திருக்கிறது எங்க ஆறு மாசச் சோறு."

திருமதி சுய்கோ குலுங்கிச் சிரித்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போன நெனிதாவை ஏற இறங்கப் பார்த்தாள். "பலன்தான் கண்ணெதிர்ல நிக்குதே. எனக்குப் பொறாமையா இருக்கு."

மேசையில் திருமதி சுய்கோ பன்றிக்கறிக் குழம்பை ஊற்றிச் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டாள். "இப்ப சாப்பிட்டாத்தானே உண்டு," என்று மறுபடி போடச் சொன்னாள், அதற்குப் பிறகும் போடச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் குக்கருக்குள் சோறு எவ்வளவு இறங்குகிறது என்பதிலேயே நெனிதாவின் கண் இருந்தது. அக்கா மீன் சூப்பில் மூன்று கரண்டி குடித்துவிட்டு, வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"நீயும் உட்காரேம்மா," என்றாள் விருந்தாளி.

"அவ அப்புறம் சாப்பிடுவா. அவளுக்கென்ன, ரெண்டு வாய்," என்றாள் அக்கா.

திருமதி சுய்கோ எழுந்தபோது குக்கரின் அடியில் இன்னும் சோறு இருந்தது. ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடலாம்.

"நெனிதா, மீதி எல்லாத்தையும் கட்டிடு. வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாது."

அக்கா பக்கத்திலேயே நின்றாள். நெனிதா வாழையிலையில் சோற்றை வழித்துப் போட்டாள், கறியை மேலே வைத்தாள், மடித்துக் கட்டினாள். விரல்களில் நாலைந்து பருக்கை ஒட்டியிருந்தது. அக்கா துணியை நீட்டினாள்.

"கையைத் துடை."

துடைத்தாள்.

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட் வரை அவள்தான் போனாள். இலை வழியாகச் சூடு உள்ளங்கையில் ஏறியது. கார் கதவருகே திருமதி சுய்கோ பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க அக்கா செலவைப் பத்தியே பேசினா. நீ உண்மையைச் சொல்லு. ரொம்ப வலிச்சுதா? அதுக்கப்புறம் சோத்தைப் பார்த்தா ஆசையே வராதாமே, நிஜமா?"

நெனிதா பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆபரேஷன் அக்காவுக்குங்க, மேடம். நான் இங்க வேலைக்கு இருக்கிறவ."