தென் துருவத்தில் மேனேஜர்

"என்னது, நான் ரெண்டாவதாத்தான் போய்ச் சேர்றேனா?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஒப்பனை அறையே உறைந்துபோனது. அலுவலக ஆண்டு விழா நாடகம் தொடங்கும் நேரம். தென் துருவத்தை முதலில் தொட ஸ்காட்டும் அமுண்ட்செனும் போட்டி போட்ட கதை. யாருக்கு வசனம் அதிகம் என்று பார்த்து ஸ்காட் வேடத்தைப் பிடுங்கிக்கொண்டவர், ஜெயித்தது யார் என்று மட்டும் விசாரிக்கவில்லை.

"அது வரலாறு சார்," என்றாள் நாடகத்தை எழுதிய டைப்பிஸ்ட். "அமுண்ட்சென் அஞ்சு வாரம் முன்னாடியே போயிட்டார்."

"போயிட்டாரா? திரும்பக் கூப்பிடு! என் சம்பந்தி முன் வரிசையில உட்கார்ந்திருக்கார். அவர் கண்ணு முன்னாடி ஒரு கிளார்க்குகிட்ட நான் தோக்கணுமா?"

அமுண்ட்சென் வேடத்தில் நின்ற கிளார்க் பக்கம் திரும்பினார். "யோவ், நான் கொடியை நட்ட பிறகுதான் உன் நாய் வண்டி மேடைக்கே வரணும். மாறிச்சு, நீ தொலைஞ்சே!"

"சரிங்க சார்," என்றான் கிளார்க், பரம சாதுவாக.

நாய் வேடம் போட்டிருந்த இரண்டு அட்டெண்டர்களும் தலையை ஆட்டுவதா வாலை ஆட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஆட்டினார்கள்.

திரை விலகியது. மேடை முழுக்கத் தெர்மோகோல் பனி. நடுவில் ஒரு மூங்கில் கழி, அதுதான் துருவம். பஞ்சுத் தாடியோடு நுழைந்த மேனேஜர், கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக் கையசைத்து நடந்தார். துருவத்துக்கு நாலடி இருக்கும்போது நின்று, "ஏ பனியே! என்னை யாரென்று நினைத்தாய்?" என்று ஆரம்பித்தார். இது நாடகத்திலேயே இல்லாத வசனம்.

"விடுங்கடா ஹோய்!" என்று மறுபக்கத்திலிருந்து கிளார்க்கின் குரல்.

நாய்கள் பறந்தன. தெர்மோகோல் தூள் தூளானது.

"அண்ணே, வேணாம்ணே! உங்களைச் சும்மா விடமாட்டார்ணே!" என்று திரை மறைவிலிருந்து டைப்பிஸ்ட் கத்தினாள். கிளார்க் காதில் வாங்கவே இல்லை. விஷயம் புரிந்து மேனேஜரும் தாவினார். கம்பளிக் கோட்டு தாவ விடவில்லை. கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்று, "ஓடு! ஓடு!" என்று விசிலடித்தது. சம்பந்தியும் அடித்தார்.

கிளார்க் கொடியை நட்டாயிற்று. மேனேஜரின் தாடி ஒற்றைக் காதில் தொங்கியது.

திரை விழுந்ததும் மனுஷர் வெடித்தார். "தெற்கே போக உனக்கு அவ்வளவு அவசரமாய்யா? நம்ம கம்பெனிக்குத் தென்கோடியில, கடலோரமா ஒரு கிளை இருக்கே, அதுக்கும் தெற்கே வெறும் தண்ணிதான். திங்கட்கிழமை அங்க போய் நிக்கிற! அடிம்மா ஆர்டரை!"

பொட்டல் காட்டுக் கிளை என்று அலுவலகமே நடுங்கும் இடம். தாடியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு கொடிக்காகப் போய் வாழ்க்கையைக் கெடுத்துக்கிட்டீங்களேண்ணே!" டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளார்க் தலையைத் தொங்கப்போட்டபடி வெளியே வந்தான். மாடிப்படி மறைவுக்குப் போனதும் மனைவிக்குப் போன் போட்டான்.

"நீ போன வாரம் வேலையில சேர்ந்தியே, அதே ஊருக்கு எனக்கும் மாத்தல் கிடைச்சிடுச்சு! இந்த ஆள்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருந்தா, நேர் வடக்கே அனுப்பியிருப்பார்!"